மட்டையும் பந்தும் போதும், எங்க பிள்ளைங்களுக்கு ஒரு ஆட்டுக்குட்டி குடுங்க



பட்டணத்துல இருந்து யார் எங்க பக்கம் வந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்காம போறதில்ல. "ஏன்ணே, இந்தக் காலத்துப் பசங்களுக்கு விவசாயத்துல ஆர்வமே இல்லியே, இப்படியே போனா நாளைக்குச் சோத்துக்கு என்னா பண்றது?" கேட்டுட்டு, இளநீர் குடிச்சுட்டு, வண்டி ஏறிடுவாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்தக் கேள்வியில ஒரு பொய் இருக்கு. அதை அரசாங்கமும் சொல்லுது, பத்திரிகையும் சொல்லுது, எங்க ஊர்ப் பெரியவங்களே திண்ணையில உட்கார்ந்து சொல்றாங்க. பசங்களுக்கு ஆர்வம் இல்லைங்கறதுதான் அந்தப் பொய்.

தை பொறந்து மாசி, பங்குனி வரைக்கும் ஆம்பூர், மாதனூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கம் வந்து பாருங்க. வாரம் ஒரு ஊர்ல எருது விடும் விழா நடக்கும். தென் மாவட்டத்து ஜல்லிக்கட்டு மாதிரி இங்க யாரும் மாட்டை அணைக்கறதில்ல. வாடியில இருந்து மாட்டை விட்டா, ரெண்டு பக்கமும் தடுப்புக் கட்டின தெருவுல எல்லைக்கோடு வரைக்கும் அது ஓடணும். எத்தனை செகண்டுன்னு கணக்கு. குறைஞ்ச நேரத்துல ஓடின மாட்டுக்குப் பரிசு. 2017-ல தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்துல இந்த விழாவும் சேர்ந்தது. 2023 மே மாசம் அந்தச் சட்டம் செல்லும்னு உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

அந்த மாட்டை வளர்க்கறது யாரு? பதினெட்டு, இருபது வயசுப் பசங்கதான். விடியக்காலம் நாலரைக்கு எழுந்து அதை நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க. ஏரியில தண்ணி இருந்தா நீச்சல் விடறாங்க. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, பேரீச்சம்பழம்னு அளந்து வைக்கறாங்க. குளம்பு தேய்ஞ்சுதா, சாணி இளகுதான்னு தினம் பார்க்கறாங்க. எந்த ஊர் வாடியில எத்தனை செகண்டு ஓடுச்சுன்னு ரெண்டு வருஷத்துக் கணக்கை மனப்பாடமா சொல்றாங்க. கால்நடை டாக்டர் நம்பர் அவங்க போன்ல இருக்கு.

அதே பசங்க வீட்டுல, அதே கொட்டகையில, ஒரு கறவை மாடும் நிக்குது. அதுக்குத் தண்ணி காட்டறது அம்மா. சினை ஊசி போட ஆள் கூட்டிட்டு வர்றது அம்மா. பால் சொசைட்டி கணக்கு அம்மாவுக்கும் முழுசாத் தெரியாது, பையனுக்குச் சுத்தமாத் தெரியாது. மடி வீங்கினா எருது வளர்க்கறவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

மாடு வளர்க்கத் தெரியாத பிள்ளைங்கன்னு இவங்களைச் சொல்ல முடியுமா? எருதுக்கு ஒரு நாள் இருக்கு. அன்னிக்கு நாலு ஊர் சனம் பார்க்கும். மைக்குல மாட்டுக்காரன் பேரைச் சொல்லுவாங்க. கூட நிக்க ஒரு கூட்டாளிக் கும்பல் இருக்கு. மாமன், சித்தப்பன்னு சொல்லிக் குடுக்கற பெரியவங்களும் இருக்காங்க. கறவை மாட்டுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. நிலக்கடலைக்குக் கிடையாது. கத்திரிக்குக் கிடையாது. வருஷம் முழுக்கச் சாணி அள்ளினாலும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. அப்புறம் எப்படிப் பையன் வருவான்? எருது விடறதுல பொம்பளைப் பிள்ளைங்களுக்கு வேடிக்கை பார்க்கக்கூட மாடியிலதான் இடம்ங்கறதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

கிராமத்துப் பிள்ளைங்களுக்குன்னு எத்தனையோ திட்டம் வந்து போச்சு. ஒண்ணாவது குடும்பத்தோட சேர்த்து அந்தப் பிள்ளையைப் பார்த்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

1952 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள் அன்னிக்குச் சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சாங்க. கிராம சேவக், மாதர் சங்கம், இளைஞர் மன்றம் எல்லாம் அதோட வந்ததுதான். எண்ணம் நல்ல எண்ணம். ஆனா மாதர் சங்கம் தனி, இளைஞர் மன்றம் தனி, விவசாயிக்குக் கூட்டம் தனி. ஒரே வீட்டு ஆளுங்களை மூணு சங்கமாப் பிரிச்சு உட்கார வெச்சாங்க. 1972-ல மத்திய அரசு நேரு யுவ கேந்திரா கொண்டுவந்துச்சு. மன்றத்தைப் பதிவு பண்ணு, பொறுப்பாளர் பேரைக் குடு, விளையாட்டு விழா நடத்துன்னு போச்சு. 2006-க்கு அப்புறம் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல ஊராட்சிக்கு ஒரு நூலகம், ஒரு விளையாட்டுத் திடல். 2020-ல அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2023-ல டெல்லியில இருந்து மை பாரத். 2024-ல கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு. ஆட்சி மாறுது, பேர் மாறுது. கடைசியில பிள்ளை கைக்கு வர்றது மட்டை, பந்து, வலை.

விளையாட்டு வேண்டாம்னு நான் சொல்லல. கபடி ஆடித்தான் நானும் வளர்ந்தேன். ஆனா பை வந்து சேர்ந்தா திட்டம் முடிஞ்சதுன்னு கணக்கு எழுதறாங்க பாருங்க, அதைத்தான் சொல்றேன். மட்டை ஒடைஞ்சா முடிஞ்சுது. யார் சொல்லிக் குடுப்பாங்க, எந்தக் கிழமை கூடணும், பொம்பளைப் பிள்ளைங்க எந்த நேரத்துக்கு வர முடியும், இதெல்லாம் எந்தக் காகிதத்துலயும் இருக்காது.

பூட்டின மன்றக் கட்டடம் எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கு. எந்தத் திட்டத்துல கட்டினதுன்னு இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. அதான் அதோட பெருமை. முன்பக்கச் சுவர்ல ஒரு நடிகர், பக்கவாட்டுல ஒரு கட்சி, பின்னாடி ஒரு சாதிச் சங்கத்துப் போஸ்டர். இடம் காலியாக் கிடந்தா யாராவது வந்து குந்தத்தான் செய்வாங்க. பதினாறு வயசுப் பையனுக்கு ஒரு கூட்டம் வேணும், ஒரு பேர் வேணும், தோள்ல கை போட ஒரு அண்ணன் வேணும். நாம குடுக்கலன்னா சாதிக்காரன் குடுப்பான், ரசிகர் மன்றத்துக்காரன் குடுப்பான். அவங்களுக்கு ஆள் பிடிக்கத் தெரிஞ்ச அளவுக்கு நம்ம அதிகாரிங்களுக்குத் தெரியாது.

விவசாயத்துக்குன்னே ஒரு திட்டம் இருக்கு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2015-16-ல ஆர்யான்னு ஒண்ணு ஆரம்பிச்சது. கிராமத்து இளைஞர்களை வேளாண்மையில இழுத்து நிறுத்தறதுக்கு, வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியா. நல்லதுதான். ஆனா அது 18 வயசுக்கு மேல, 35 வரைக்கும். காளான் வளர்க்கலாம், கோழிப் பண்ணை வைக்கலாம், தொழில்முனைவோர் ஆகலாம்னு பயிற்சி. பதினெட்டு வயசுல எங்க பிள்ளைங்க எங்க இருப்பாங்கன்னு தெரியுமா? ஒருத்தன் ஓசூர்ல, ஒருத்தன் ஒரகடத்துல, ஒருத்தி ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டியில. விட்டுட்டுப் போனவனைக் கூப்பிட்டுப் பயிற்சி குடுக்கறதும், கன்னு ஓடினப்புறம் கயிறு தேடறதும் ஒண்ணுதான். பத்து வயசுல பிடிக்கணும். பிள்ளையை மட்டும் பிடிச்சாலும் பத்தாது, வீட்டோட சேர்த்துப் பிடிக்கணும்.

இது நடக்காத காரியம் இல்ல. அமெரிக்காவுல ஒரு நூறு வருஷத்துக்கு மேல நடந்துட்டு இருக்கு.

ஒஹையோ மாநிலத்துல கிளார்க் கவுண்ட்டின்னு ஒரு இடம். கவுண்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. அங்க பள்ளிக்கூடக் கண்காணிப்பாளரா இருந்த கிரஹாம்ங்கறவர் 1902 ஜனவரியில முப்பது பிள்ளைங்களைக் கூட்டி ஒரு மன்றம் ஆரம்பிச்சார். கூடினது எங்க? அரசாங்கக் கட்டடத்தோட கீழ்த்தளத்துல. செஞ்சது என்ன? ஆளுக்குக் கொஞ்சம் நிலத்துல மக்காச்சோளம், காய்கறி. நல்ல விதை வாங்கிக் குடுத்து, லிட்மஸ் தாள் வெச்சு மண்ணு புளிப்பா இல்லையான்னு பார்க்கக் கத்துக் குடுத்தார். அதுவும் அதே மாதிரி மத்த மாநிலங்கள்ல முளைச்ச மன்றங்களும் சேர்ந்துதான் பின்னாடி ஃபோர்-ஹெச் ஆச்சு. தலை, இதயம், கை, உடல்நலம்னு அர்த்தம் வர்ற, ஹெச் எழுத்துல ஆரம்பிக்கற நாலு இங்கிலீஷ் வார்த்தை. அதான் பேருக்குக் காரணம்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. அப்ப அங்க பல்கலைக்கழகத்துக்காரங்க புது விதை, புது முறைன்னு சொன்னா அப்பன்காரங்க கேட்கல. "எங்க தாத்தா பண்ணாததா?"ன்னு போயிட்டாங்க. நம்ம ஊர் மாதிரியேதான். பிள்ளைங்க கேட்டாங்க. பிள்ளை தன்னோட துண்டு நிலத்துல செஞ்சு காட்டினதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு அப்பனும் மாத்திக்கிட்டான். 1910-ல தெற்கு கரோலினாவுல ஜெர்ரி மூர்னு ஒரு 15 வயசுப் பையன் ஒரு ஏக்கர்ல 228 புஷல் மக்காச்சோளம் எடுத்தான். நம்ம கணக்குல ஏறக்குறைய 58 குவிண்டால். அந்தக் காலத்துச் சராசரி விளைச்சல் அதுல கால்வாசிகூட இல்ல. அதே வருஷம், அதே மாநிலத்துல மேரி குரோமர்னு ஒரு கிராமத்து டீச்சர் பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் தக்காளி மன்றம் ஆரம்பிச்சாங்க. ஆளுக்கு ஒரு ஏக்கர்ல பத்துல ஒரு பங்கு, அதாவது நம்ம பத்து சென்ட். விளைஞ்ச தக்காளியை டப்பாவுல அடைச்சு வித்தாங்க. அந்தப் பணம் பிள்ளைங்களோடது.

1914-ல ஒரு சட்டம் போட்டாங்க, ஸ்மித்-லீவர் சட்டம். மத்திய அரசு, வேளாண் பல்கலைக்கழகம், உள்ளூர் கவுண்ட்டி மூணும் சேர்ந்து விவசாயக் குடும்பத்துக்குச் சொல்லிக் குடுக்கணும்னு ஏற்பாடு. பிள்ளைங்க மன்றம் அதுல ஒரு பங்கு. பிள்ளை ஒரு கன்னையோ, பன்னியையோ, கோழியையோ வளர்ப்பான். தீனிச் செலவை எழுதுவான். ஊருக்குள்ள ஒரு பெரியவர், பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளையோட அம்மாவோ அப்பாவோ, சம்பளம் இல்லாமப் பார்த்துக்குவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கவுண்ட்டிச் சந்தையில கொண்டுபோய் நிறுத்துவான். நடுவர் வந்து பார்த்து, கேள்வி கேட்டு, ரிப்பன் குத்துவார். எங்க எருது விடும் விழாவையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அவங்ககிட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கு, பொம்பளைப் பிள்ளைங்களும் இருக்காங்க. நம்மகிட்ட அது ரெண்டும் இல்ல. மத்ததெல்லாம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு.

அங்க எல்லாம் தேனும் பாலும் ஓடுச்சுன்னு நான் சொல்ல வரல. தெற்கு மாநிலங்கள்ல 1960-கள் வரைக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு மன்றம், கறுப்பினப் பிள்ளைக்கு வேற மன்றம்னு பிரிச்சே வெச்சிருந்தாங்க. கறுப்பினப் பிள்ளைங்களுக்குக் கிடைச்சது எல்லாத்துலயும் குறைச்சல்தான். இதை நம்ம ஊர்க்காரன் படிச்சா அவனுக்குப் புரியும். நம்மகிட்ட யோசிக்காம விட்டா ஊருக்கு ஒரு மன்றம், காலனிக்கு ஒரு மன்றம்னு ரெண்டு போர்டு மாட்டிடுவாங்க. ஒரே மன்றம், ஒரே இடம், அந்த இடமும் மாரியம்மன் கோயில் மண்டபமா இல்லாம பள்ளிக்கூடமா இருக்கணும். இதுல விட்டுக்குடுத்தா மன்றமே வேண்டாம், பூட்டியே கிடக்கட்டும்.

சரி, எங்க பக்கத்துல இது எப்படி இருக்கும்?

எங்க வீடுகள் எப்படின்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். காலையில ஏழு, ஏழரைக்குக் கம்பெனி வண்டி ரோட்டுமேல வந்து நிக்கும். பொம்பளைங்க தூக்குச் சட்டியோட ஏறுவாங்க. ஷூ மேல்பாகம் தைக்கறது, பசை தடவறது, சோதிச்சுப் பார்க்கறது, எல்லாம் அவங்கதான். திரும்பி வர சாயங்காலம் ஆறரை, ஏழு. வீட்டுக்காரர் தோல் ஷாப்புலயோ, கொத்து வேலையிலயோ, இல்ல என்னை மாதிரி ஒண்ணரை ஏக்கர்லயோ. பாட்டி ஆடு மேய்க்கறாங்க. பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து போன் பார்க்குது. ஒரே வீட்டுல ஆடும் இருக்கு, அந்த ஆட்டுத் தோல்ல செருப்பு தைக்கற அம்மாவும் இருக்காங்க. ஆனா ரெண்டுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லல. உண்ணி கடிச்ச தழும்பு, முள்கம்பி கிழிச்ச கீறல், அம்மை வடு இதெல்லாம் தோல்ல அப்படியே நிக்கும், தோல் விலை இறங்கும். இது ஷாப்புல தரம் பிரிக்கற அப்பனுக்குத் தெரியும். ஆடு மேய்க்கற பாட்டிக்குத் தெரியாது. பிள்ளை கையில ஒரு நோட்டு இருந்தா ரெண்டும் ஒரு பக்கத்துல வந்து சேர்ந்துடும்.

அதனால நான் கேட்கறது நாலே விஷயம்.

ஒண்ணு, பிள்ளைக்குன்னு ஒரு உயிர் வேணும். ஆட்டுக்குட்டி, ரெண்டு கோழி, அஞ்சு சென்ட் நிலம், அதுவும் இல்லாத வீட்டுக்கு நாலு சாக்குப்பையில கத்திரிச்செடி. நம்ம பக்கத்துக் கத்திரின்னா அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்திரி. 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது. அதோட விதையைச் சுத்தமாக் காப்பாத்தறதே பிள்ளைங்க செய்யக்கூடிய ஒரு வேலை. 2011-ல அரசாங்கம் ஏழைக் குடும்பத்துக்கு நாலு நாலு ஆடு விலையில்லாமக் குடுத்துச்சு. ஆடு வந்துச்சு. அதோட ஒரு மன்றமும் வந்திருந்தா இன்னிக்குக் கதை வேற.

ரெண்டு, ஒரு நோட்டு. வாங்கின தேதி, எடை, தீனிச் செலவு, ஊசி போட்ட நாள். ஆடு சினை அஞ்சு மாசம். எப்ப சேர்த்தா குட்டி எந்த மாசம் விழும், அப்ப மேய்ச்சல் இருக்குமா, இது கணக்குதானே? மழைக்கு முன்னாடி துள்ளுமாரி ஊசி போடலன்னா என்னாகும், இது அறிவியல்தானே? பத்தாம் வகுப்புல வட்டிக் கணக்கு தப்பாப் போடற பையன், தன் ஆட்டை வித்த லாபத்தைத் தப்பாப் போட மாட்டான்.

மூணு, வாரம் ஒரு நாள் உட்கார ஒரு பெரியவங்க. அது அதிகாரியா இருக்க வேண்டாம். 2021-ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப நடந்ததைப் பார்த்தோமே. மாசம் ஆயிரம் ரூபா, சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம். திண்ணையிலயும் மரத்தடியிலயும் உட்கார வெச்சு ஊர்ப் பொண்ணுங்களே பாடம் நடத்தினாங்க. எங்க தெருவுல நடத்தின பொண்ணு கல்யாணம் ஆகி வந்து ஆறு வருஷமா வீட்டை விட்டு வெளிய வராதது. அது போர்டு எதிர்ல நின்னதைப் பார்த்து அதோட மாமியாரே வாய் பிளந்தாங்க. ஆளு இருக்கு. நாமதான் கேட்கல. மேல இருந்து விஷயம் சொல்லிக் குடுக்க விரிஞ்சிபுரத்துல வேளாண் பல்கலைக்கழகத்தோட அறிவியல் நிலையம் இருக்கு, ஒன்றியத்துக்கு ஒன்றியம் கால்நடை மருந்தகம் இருக்கு.

நாலு, ஒரு நாள். வருஷத்துக்கு ஒண்ணு. எருது விடற நாளுக்கு முதல் நாளே வைக்கலாம், கூட்டம் எப்படியும் வரும். பிள்ளைங்க ஆட்டையும், செடியையும், நோட்டையும் கொண்டுவந்து நிக்கட்டும். மைக்குல பேர் சொல்லுங்க, அம்மா பேரையும் சேர்த்து. இதை மட்டும் ஞாயித்துக்கிழமை வையுங்க, கம்பெனி லீவு. இல்லன்னா அம்மாங்க யாரும் பார்க்க முடியாது.

இன்னொரு நோட்டும் வேணும். அது கிணத்து நோட்டு. பாலாத்துப் படுகையில இருக்கற எங்களுக்கு அது கட்டாயம்.

1996 ஆகஸ்ட் 28-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச்சு. தோல் தொழிற்சாலைக் கழிவால இந்தப் பட்டையில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாவோ பாதியாவோ பயிருக்கு ஆகாமப் போச்சுன்னு வேளாண் பல்கலைக்கழகத்து வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னதை அதுல எழுதியிருக்காங்க. திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல 467 கிணத்தைச் சோதிச்சு, 350 கெட்டுப்போச்சுன்னு தன்னார்வலர்கள் எடுத்த கணக்கும் அதே தீர்ப்புல இருக்கு. அசுத்தம் பண்ணினவனே பணம் கட்டணும்ங்கறது இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னு அந்தத் தீர்ப்பு சொல்லிச்சு. நஷ்ட ஈடு கணக்குப் போட ஒரு ஆணையமும் வந்துச்சு. அப்புறம் 2025 ஜனவரி 30-ல மறுபடியும் அதே விஷயத்துக்கு, அதே பாலாத்துக்கு, அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்துச்சு. நடுவுல இருபத்தெட்டு வருஷம். ஒரு தலைமுறை.

கோர்ட்ல எடுபட்டது எண்ணுங்கறதை மட்டும் இதுல இருந்து எடுத்துக்கோங்க. "எங்க தண்ணி கசக்குது"ன்னு நாங்க நாப்பது வருஷமாச் சொல்றோம். எந்தக் கிணறு, எந்த மாசம், எவ்வளவு உப்புன்னு எங்ககிட்ட கேட்டா ஊர்ல ஒரு காகிதம் கிடையாது. உப்பு அளக்கற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. குடிக்கற தண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற தண்ணியே இல்லன்னா 2,000 வரைக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை மாசம் ஒரு தடவை பத்துக் கிணத்துல முக்கிப் பார்த்து எழுதிடும். இந்த மீட்டர் குரோமியத்தைக் காட்டாது, அதுக்கு ஆய்வகம்தான் போகணும். ஆனா எந்தக் கிணத்துத் தண்ணியை ஆய்வகத்துக்கு அனுப்பணும்னு அந்த நோட்டு காட்டிடும். பத்து வருஷம் பிள்ளைங்க மாறி மாறி எழுதின நோட்டு ஒண்ணு இருந்தா, அடுத்த தடவை அதிகாரி வந்து "ஆதாரம் இருக்கா பெரியவரே"ன்னு கேட்கறப்ப நாங்க மண்ணைப் பார்த்துட்டு நிக்க மாட்டோம்.

இதை நான் பேச ஆரம்பிச்சா ரெண்டு பக்கமும் திட்டு விழுது.

படிச்சவங்க சொல்றது, "பிள்ளைங்களை வேலை வாங்கப் பார்க்கறீங்க." இல்லீங்க. வாரத்துக்கு ஒரு கூட்டம், தினம் அரைமணி நேரம். டியூஷனுக்குப் போற நேரத்தைவிடக் குறைச்சல். வித்த காசு பிள்ளையோடது, கணக்கும் பிள்ளையோடது. கூலி இல்லாம அடுத்தவன் கழனியில இறக்கினா அது தப்பு, அதை நானே எதிர்ப்பேன்.

இன்னொண்ணு இதைவிடக் கனமானது. எங்க காலனியில இருக்கற ஒரு தங்கச்சி, கம்பெனியில சூப்பர்வைசர், என்கிட்ட நேராவே கேட்டுச்சு. "அண்ணே, எங்க அம்மா அடுத்தவங்க கழனியில குனிஞ்சே முதுகு ஒடைஞ்சு போனாங்க. அதுல இருந்து தப்பிச்சுத்தான் நான் வண்டி ஏறினேன். என் பொண்ணை மறுபடியும் மண்ணுலயே இறக்கப் பார்க்கறீங்களா?"

இந்தக் கேள்விக்கு விளையாட்டா பதில் சொல்லக் கூடாது. விவசாயத்தைப் பெருமைன்னு பேசற பட்டணத்துக்காரங்க இதை ஒரு தடவை கேட்கணும். நிலம் இருக்கறவனுக்கு மண்ணு மேல பாசம். நிலமே குடுக்கப்படாதவங்களுக்கு மண்ணுன்னா அடுத்தவன் மண்ணு, அடுத்தவன் அதட்டல். அதனால நான் தங்கச்சிக்குச் சொன்னது இதான்: "இது உன் பொண்ணை விவசாயி ஆக்கற மன்றம் இல்லம்மா. அவ நர்ஸ் ஆகட்டும், வக்கீல் ஆகட்டும். ஆனா ஆடு அவளுது, நோட்டு அவளுது. என் பேரனும் அவளும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து கணக்குச் சரிபார்க்கணும். அவ போட்ட கணக்கை எங்க தெருவுல ஒருத்தன் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்." தங்கச்சி ஒத்துக்கிட்டதுன்னு சொல்ல மாட்டேன். "பெஞ்சு நிஜமாவே ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன்"னு போயிடுச்சு. அது நியாயமான நிபந்தனை. ஊர்க்காரங்கதான் அதை நிறைவேத்திக் காட்டணும், திட்டத்தால முடியாது.

கடைசியா, பட்டணத்துல இருக்கற உங்களுக்கு. பிறந்தநாளுக்கு ஊர்ப் பிள்ளைங்களுக்கு மட்டை, பந்து, ஸ்கூல் பை வாங்கிக் குடுத்து போட்டோ எடுத்துக்கறீங்க. நல்ல மனசுதான், இல்லைங்கல. ஆனா உங்கள்ல நிறையப் பேருக்கு ஊர்ல இன்னும் நிலம் இருக்கு. முள்ளு மண்டிப்போய், சர்வே கல்லு மட்டும் நிக்குது. அதுல ஒரு அஞ்சு சென்ட், ரெண்டு பருவத்துக்கு, பிள்ளைங்க மன்றத்துக்குன்னு ஒரு தாள்ல எழுதி விடுங்க. கிணறு இருந்தா மோட்டார் போட ஒத்துக்கோங்க. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. ஊர்ல ஓட்டு இருக்கற உங்க அண்ணன் தம்பிக்குப் போன் பண்ணி, ஊராட்சிக்கு ஒரு பிள்ளைங்க பண்ணை மன்றம் வேணும், ஊருக்கும் காலனிக்கும் ஒண்ணே ஒண்ணா இருக்கணும், பூட்டிக் கிடக்கற கட்டடத்தோட சாவியை அதுக்குக் குடுக்கணும்னு தீர்மானத்துல எழுத வையுங்க. அக்டோபர் 2-லயும் கிராம சபை கூடுது. எழுபது வருஷத்துக்கும் முன்னாடி அந்த மன்றங்களைக் கொண்டுவந்த திட்டத்தை ஆரம்பிச்ச தேதியும் அதுதான்.

எங்க ஊர் சார்பா அந்தத் தீர்மானத்தை நான் எழுதி வெச்சுட்டேன். ஒரு பக்கம்தான் வந்துச்சு. வேணும்ங்கறவங்க கேளுங்க, அனுப்பி வைக்கறேன். ஊர் பேரை மட்டும் மாத்திக்கோங்க.